எண்பதுக்கு மேல்

எங்கள் காரின் பேட்டரி எண்பதிலிருந்து நூறுக்குப் போக ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகும். மலையில் கரண்ட் கம்மியாக வரும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஓட்டுநர் வேடியப்பன் அண்ணன் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "எம்பது ஆச்சு மேடம். புடுங்கிட்டேன்." ஒன்றேகாலுக்கு வண்டி கிளம்பியபோது பேட்டரியில் நூறு இருந்தது. ஐந்தாவது வளைவில் அது மண்மேட்டில் மோதி நின்றது.

நடுவில் யாரோ வண்டியைத் திரும்ப சார்ஜில் போட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்டு வர என்னை அனுப்பினார்கள்.

நான் தியாகதுருகம். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மூடிப்போன அரிசி ஆலைக்குள் நடக்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. மின்சாரக் கார் செய்கிறோம். ஆறு பேர் உட்காரலாம், கூரை மேல் இரண்டு மூட்டை கட்டலாம். இதுவரை செய்தது மூன்று. இரண்டு கார்கள் கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவே ஓடுகின்றன. மூன்றாவது கல்வராயன் மலைக்கு. பேட்டரிக் கணக்கு என் பொறுப்பு. அதிகம் பேச வேண்டியிருக்காது என்பதால்தான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

"நீ போ ப்ரியா" என்றார் கவியரசன் சார். கம்பெனி அவருடையது. சென்னையில் பெரிய கார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். "உன்னப் பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்க. உண்மையைச் சொல்லுவாங்க."

"என்ன கேக்கணும் சார்?"

"டிரைவரா, வண்டியா. அவ்வளவுதான். சின்னசேலம் டிராவல்ஸ்காரர் அதைத்தான் கேக்கறார். டிரைவர்னா பத்து வண்டி எடுப்பார். வண்டின்னா நாம ஆலையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு நாளாகத் தூங்காத முகம். நான் தலையாட்டினேன்.

நூறு ஏன் கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் கார் மலை இறங்கும்போது மோட்டாரே அதை இழுத்துப் பிடிக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் பிடிக்காது. பிரேக் மட்டும்தான் மிச்சம். வண்டியே சார்ஜை எண்பதில் நிறுத்திக்கொள்ளும்படி வைத்துவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். ஒரு நாள் வேலை. சார் யோசித்தார். அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கண்காட்சி. எங்கள் கடையில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஒரு விவசாயி கடைசியில் சிரித்தார். "இருவது லிட்டர் கேனைக் குடுத்து, பதினாறு லிட்டர்தான் புடிக்கணும்னா எவன் சார் வாங்குவான்?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதோடு அந்த வேலை தள்ளிப் போனது. ஓட்டுநரிடம் வாயால் சொல்லிவிடுவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் ஏறத் தொடங்கியது. கார் மோதிய ஐந்தாவது வளைவில் எழுந்து பார்த்தேன். மலைப்பக்க மேட்டில் மண் சரிந்து சிவப்பாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. வேடியப்பன் அண்ணன் எந்தப் பக்கம் திருப்பினார் என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஏற்றம் முடிகிற இடத்தில் சாலம்மாள் அக்காவின் கடை. மலையேறிக் களைத்த வண்டிக்கு அங்கேதான் சார்ஜ் வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தவர் சார். கடைச் சுவரில் எங்கள் சார்ஜர் பெட்டி. அதற்கு மேல் தகரத்தில் கூரை போட்டு, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். டிராக்டர் கட்டி மேலே இழுத்து வந்த கார், பலா மரத்தடியில் நின்றது. முன்பக்கம் நசுங்கி ஒரு கண் மூடின மாதிரி இருந்தது.

வேடியப்பன் அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று தையல்.

"வாங்க மேடம். நீங்க மட்டுந்தானா? போலீஸு வரலியா?"

"சார் மூணு மணிக்கு வராரு. வண்டிய டெம்போல ஏத்திக்கினு போக."

"அப்ப எனக்குத் தூக்கு மூணு மணிக்கு."

உள்ளேயிருந்து சாலம்மாள் அக்காவின் குரல் வந்தது. "நெத்தியில தையலப் போட்டுக்கினு பேச்சப் பாரு. ஒரு வளைவுல வண்டிய நிறுத்தத் தெரியல, தூக்காம் தூக்கு."

"உங்கூட்டு சோறு கனம் அக்கா. அத்த ஏத்திக்கினு எந்த வண்டி நிக்கும்?"

"அந்தக் கனத்த ரெண்டு வேளையும் தின்னுபுட்டு."

அவர் சிரித்தார். தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டார். நான் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தேன். பிரேக் தட்டு நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரியும். கடைசி இரண்டு வளைவில் அவர் மிதித்தது எதற்கும் பயன்பட்டிருக்காது.

"அண்ணா, பதினொன்னு நாப்பதுக்கு நீங்க புடுங்கிட்டீங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"நாந்தான் திரும்பப் போட்டுட்டேன்னு வெச்சிக்குங்க."

"வெச்சிக்கவா?"

"போட்டுட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னார். "மறதியா. சாரு கிட்டயும் அதான் சொன்னேன்."

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"அதோ, பாறை மேல. ஒரு தூக்கம் போட்டேன்."

தூங்குகிறவர் எப்படி மறதியாக சார்ஜ் போடுவார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அன்று வண்டியில் வந்த நான்கு பேரில் யாருக்கும் பெரிய அடி இல்லை. செங்கம்மாள் என்கிற அம்மாவுக்கு மட்டும் கை வீங்கியிருந்தது. ஆனாலும் இரண்டு நாளில் பேச்சு மலை முழுக்கப் போயிருந்தது. காலையில் பஸ்ஸிலேயே கேட்டேன். எனக்கு முன் சீட்டில் இருந்த இருவர், அண்ணன் குடித்திருந்ததாகவும், போன் பேசிக்கொண்டே ஓட்டியதாகவும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பாப்பா, கையக் கழுவு" என்றார் சாலம்மாள் அக்கா.

"இல்லக்கா, பஸ் ஸ்டாண்டுல இட்லி சாப்ட்டேன்."

"அது கள்ளக்குறிச்சி வயித்துக்கு. இது மலை."

அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் வருடத்தில் பாதி கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். பெட்டி வருவதற்கு முன் கடையில் பிஸ்கட்டும் பீடியும்தான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கார் சார்ஜ் ஆகிறவரை காத்திருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். டீ கேட்டார்கள். பிறகு சோறு கேட்டார்கள். இப்போது இரண்டு பெஞ்சும் ஒரு மேசையும் இருந்தன. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. போதும் என்று கையால் மறைத்தேன். விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழுந்தது.

"அக்கா!"

"எறக்கம் பாப்பா. பாதி வயித்தோட எறங்குனா தல சுத்தும். எங்க மலையில வந்தவங்கள அரைகொறையா அனுப்பற வழக்கம் இல்ல."

இறங்குகிறவர்களை அவர் கவனிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போகிற ஜீப் ஒன்று நின்றது. டீ குடிக்க இறங்கியவர்களிடம் அவர் கேட்கவே இல்லை. பாதி காலியாக இருந்த தண்ணீர் பாட்டில்களை வாங்கிப்போய் வாய்விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பையன் கொய்யாப் பழம் வாங்கினான். பையில் இடமிருக்கிறது என்று இரண்டு பழம் சேர்த்துப் போட்டார். அவர்களும் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீப் போய்விட்டது.

கை கழுவி வந்தேன். மேசை மேல் வைத்த என் போனைக் காணோம். உள்ளே அடுப்புப் பக்கத்துச் சுவரில், அக்காவின் சார்ஜரில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"கொறையா இருந்துச்சு. போட்டேன்" என்றார்.

எழுபத்தெட்டு இருந்திருக்கும். போனை எடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே எங்கள் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும் உண்டு. நிறைகிற வரை சிவப்பு. நிறைந்ததும் பச்சை. எண்பது என்பதற்கு அதில் விளக்கே கிடையாது. எண்பதில் ஒயரைப் பிடுங்கினாலும், மறுபடி நிறையும்வரை பெட்டியில் சிவப்பு அணையாது. அப்படித்தான் நாங்கள் செய்திருந்தோம்.

வெள்ளிக்கிழமையும் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அக்கா அடுப்பில் குனிந்திருந்தார். "இன்னா பாப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? மொச்ச ஒத்துக்கலியா?"

"ஒன்னுமில்லக்கா. நல்லா இருந்துச்சு."

பலா மரத்தடிக்குப் போனேன். வேடியப்பன் அண்ணன் என்னையும் என் கையிலிருந்த போனையும் பார்த்தார். ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தூரமாக எறிந்தார்.

"பாத்துட்டீங்க போல."

போனைப் பைக்குள் போட்டேன்.

"சொல்லாதீங்க மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தூங்கி எழுந்து வந்தேன். 'பச்ச வந்துருச்சு பாரு வேடியப்பா'ன்னு அவங்களே காட்டுனாங்க. சந்தோசமா. புள்ளைக்குச் சட்ட போட்டு வுட்ட மாதிரி."

"நூறுன்னு தெரிஞ்சும் ஏன் எடுத்தீங்க?"

"எம்பதுக்கு மேல போனா பேட்டரி சீக்கிரமா கெழடாயிடும்னு சாரு சொன்னாரு. ஒரு நாள்ல இன்னா கெழடாயிடும்னு எடுத்தேன்."

"அது மட்டுமா சொன்னாரு?"

"வேற இன்னா இருக்குது?"

மலையில் அவருக்குப் பயிற்சி கொடுத்த அன்று நான் கீழே ஆலையில் இருந்தேன். எல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பிரேக்கைப் பற்றிச் சொன்னால் பயம் பரவும், வண்டி விற்காது என்று சார் அதை மட்டும் விட்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. வண்டி ஓடினால் போதும், மற்றதைப் பிறகு சரி செய்யலாம் என்று நினைக்கிறவர்.

நான் மெதுவாகச் சொன்னேன். மோட்டார், இறக்கம், நிறைந்த பேட்டரி. அவர் கடைசி வரை கவனித்துக் கேட்டார். காரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதானா? காலை எடுத்தா புடிக்கிற வண்டி, அன்னிக்கி வுட்டுட்டு ஓடுச்சு. பேயி புடிச்சிதுன்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்குத் தெரிய வேணாம் மேடம். தெரிஞ்சா அவங்களே பெட்டியத் தொட மாட்டாங்க. சாருக்குத் தெரிஞ்சா கழட்டிக்கினு போயிடுவாரு. ஆறு மாசமா அவங்க கையால சாப்ட்டுக்கினு இருக்கேன்."

"உங்களுக்கு வேலை போயிடும்."

"போனா போவுது. கேரளாவுக்கு மொளவு பறிக்கப் போறேன்."

"வண்டி ஓட்டறவரு நீங்க."

"பேரு கெட்டவன் வண்டியில இங்க எவனும் ஏற மாட்டான் மேடம். ஆட்டக் கூட ஏத்த மாட்டான்." இந்த முறை சிரிக்கவில்லை. "பதினாறு வருசம் இந்த வளைவுல ஜீப்பு ஓட்டியிருக்கேன். ஒரு கோழி மேல ஏத்துனதில்ல."

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அது அவருக்குப் போதும் போல இருந்தது. எனக்குப் போதவில்லை.

மூன்று மணிக்கு டெம்போ வந்தது. சார் முன்னால் உட்கார்ந்திருந்தார். வண்டியைத் தூக்குகிறார்கள் என்று பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். செங்கம்மாளும் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சார் முதலில் அவரிடம் போனார். கை எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். பிறகு காரைச் சுற்றி வந்தார். நசுங்கிய இடத்தில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

"வேடியப்பா, ஒரே ஒரு விஷயந்தான் சொன்னேன். எண்பது."

"தப்புதான் சார்."

"மறந்துட்டேன்னு சொன்னா முடிஞ்சிதா? நாலு உசுரு."

கூட்டத்தில் ஒருவர், "சரக்கு உள்ள போயிருக்கும்" என்றார்.

செங்கம்மாள் திரும்பினார். "வாய அளந்து பேசு. எங் கை வீங்குனாலும் பள்ளத்துல வுடல அவன். நீயா இருந்தா எங்களுக்கு முன்னாடி குதிச்சிருப்ப."

சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நாளையிலருந்து நீ வண்டி எடுக்க வேணாம்" என்றார். "எனக்கு வேற வழி தெரியல. டிரைவர் தப்புன்னுதான் நான் சின்னசேலத்துக்காரர் கிட்ட சொல்லணும்."

வேடியப்பன் அண்ணன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நீட்டினார். சார்தான் வாங்கத் தயங்கினார்.

"சார்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கல்லூரியில் வகுப்பு முன்னால் நிற்க வேண்டிய நாட்களில் எனக்கு உள்ளங்கை நனையும். இப்போது கழுத்து வரை நனைந்தது.

"சார். டிரைவர் தப்பு இல்ல."

"ப்ரியா, அப்புறமா பேசலாம்."

"சத்தமா சொல்லு பாப்பா" என்றார் செங்கம்மாள். "எங்களுக்கும் கேக்கட்டும். வுழுந்தது நாங்கதானே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இந்த முறை சத்தமாக.

"வண்டி எறங்கும்போது மோட்டார்தான் அதைப் புடிக்குது. புடிக்கிற வேகம் கரண்டா மாறி பேட்டரிக்குள்ள போகுது. பேட்டரி முழுசா நெறைஞ்சிருந்தா அது போறதுக்கு எடம் இல்ல. அப்போ மோட்டார் வண்டிய வுட்டுடும். பிரேக் மட்டும்தான். இத்தனை வளைவுக்கு நம்ம பிரேக் தாங்காது. தட்டு நீலமா ஆயிருக்கு, பாருங்க. அவரு கடைசி வரைக்கும் மிதிச்சிக்கினுதான் இருந்திருக்காரு. அவரு குடிக்கல. நெறைஞ்ச பேட்டரியோட யாரு எறங்குனாலும் இதான் ஆகும்."

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது.

"எண்பது ஏன்னு அவருக்கு நாம பாதிதான் சொன்னோம் சார். வண்டி தானா எண்பதுல நிக்கிற மாதிரி வெக்கல. பெட்டியில எண்பதுக்கு ஒரு வெளக்கும் வெக்கல. எறக்கம் ஆரம்பிக்கிற எடத்துல பெட்டிய வெச்சதும் நாமதான். சின்னசேலத்துக்காரரு கேட்டா இதைத்தான் சொல்லணும் சார். சரி பண்ண ஒரு நாள் போதும். சரி பண்ணிட்டுச் சொல்லலாம்."

சார் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காரின் சக்கரத்தருகே உட்கார்ந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முழங்காலில் மண்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றார். வேடியப்பன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். சாவியை அவர் வாங்கவில்லை. பிறகு, "ஆனா ஒன்னு. புடுங்குன ஒயரைத் திரும்ப ஏன் போட்ட?"

"மறதி சார். நாந்தான்."

"எப்ப போட்டான்?" என்றார் செங்கம்மாள். "இவன் பாறை மேல கொறட்ட வுட்டுக்கினு இருந்தான். நாந்தானே கல்லெடுத்துப் போட்டு எழுப்பினேன். எழுந்து வந்தான், பச்ச எரிஞ்சிக்கினு இருந்துச்சு."

"நீ சும்மா இரு அத்த" என்றார் வேடியப்பன் அண்ணன்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்?"

"அப்ப யாரு போட்டது?" என்றார் சார்.

நான் சாலம்மாள் அக்காவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். அவர் கடை வாசலில் டீ கிளாஸ் தட்டோடு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. டீயில் ஆவி அடங்கியிருந்தது. வேடியப்பன் அண்ணன் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருடைய கண் செங்கம்மாளின் துணி சுற்றிய கையில் இருந்தது. பிறகு அண்ணனின் நெற்றிக்குப் போனது.

தட்டைப் பெஞ்சு மேல் வைத்தார். முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். ஆட்கள் விலகினார்கள்.

"செவப்பு எரிஞ்சிக்கினே இருந்துச்சு சார்" என்றார். "பாதியில நிக்குதே, இப்படியே எறங்கப் போவுதேன்னு நாந்தான் திரும்ப சொருவுனேன்."